ஆபீஸுக்கும் ட்ராக்குக்கும் ஒரே டயர் போதுமா?

கேள்வி: துரைப்பாக்கத்தில் இருந்து சிறுசேரிக்குத் தினமும் கேடிஎம் டியூக் 390 பைக்கில் போய் வருகிறேன். வருடத்துக்கு இரண்டு, மூன்று முறை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ட்ராக் டே, அதாவது சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள். பின் டயர் நடுவில் தேய்ந்து தட்டையாகிவிட்டது. கடைக்காரர் 160 சைஸில் (160 மி.மீ. அகலம்) சாஃப்ட் காம்பவுண்ட், அதாவது மென்மையான ரப்பர் ரேஸ் டயர் இருக்கிறது, பிடிமானம் பிரமாதமாக இருக்கும் என்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொன்னதில் சைஸும் தப்பு, டயரும் தப்பு.

ரேஸ் டயரின் ரப்பர் நன்றாகச் சூடானால்தான் ஒட்டும். பந்தயத்தில் அதற்கென்றே வார்மர் என்ற சூடேற்றும் உறையைப் போர்த்தி வைக்கிறார்கள். ஓ.எம்.ஆரில் சிக்னலுக்கு சிக்னல் நின்று போகிற வண்டியில் அந்தச் சூடு வரவே வராது. காடிகளும் குறைவு என்பதால் ஐப்பசி மழையில் உங்கள் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க ஓடும் சாலைக்குத்தான் டயர் வாங்க வேண்டும், அந்த மூன்று நாளுக்காக அல்ல. உங்களுக்கு ஏற்றது ஸ்போர்ட் ரேடியல் (உள் இழைகள் டயரின் குறுக்கே நேராக ஓடும் சாலை டயர்). இவற்றில் சில மாடல்களில் நடுவில் கெட்டியான ரப்பரும் ஓரங்களில் மென்மையானதும் இருக்கும். உங்களைப் போல நேர் ரோட்டிலேயே நடுவைத் தேய்ப்பவர்களுக்கு அதுதான் சரி. அப்பல்லோ ஆல்ஃபா ஹெச்1, டிவிஎஸ் யூரோகிரிப் ப்ரோடார்க் எக்ஸ்ட்ரீம் என்று இங்கே தயாராவதிலேயே தேர்வு உண்டு.

சைஸ்: முன்னே 110/70 R17, பின்னே 150/60 R17. அதோடு நிறுத்துங்கள். உங்கள் ரிம் 160-க்கானது அல்ல. மாட்டினால் டயர் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு, உச்சி கூம்பிவிடும். பார்க்கக் கொழுத்துத் தெரியும், வண்டி திரும்பச் சோம்பும்.

‘W ரேட்டிங், அதனால் கிரிப் அதிகம்’ என்றும் சொல்வார்கள். அந்த எழுத்து வேகத்துக்கு மட்டும்தான். H என்றால் மணிக்கு 210 கி.மீ., W என்றால் 270. உங்கள் வண்டிக்கு H-ஏ தாராளம்.

இப்போது முக்கியமான ஏமாற்று: பழைய டயரைப் புதுசு என்று விற்பது. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. வெளிநாட்டு டயருக்குத் தட்டுப்பாடு வந்தால் குடோனில் கிடந்த பழசுக்குக்கூட மவுசு வந்துவிடும். பாலிஷ் அடித்தால் புதுசு போலப் பளபளக்கும். பக்கச்சுவரில் DOT எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 3522 என்றால் 2022-ன் 35-வது வாரம். இரண்டு வருடம் தாண்டியிருந்தால் நான் வாங்கமாட்டேன். ‘ஒரே ஒரு ட்ராக் டே ஓடினது’ என்று பாதி விலைக்கு வருவதையும் தொடாதீர்கள். பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) மிச்சமிருக்கும், ஆனால் திரும்பத் திரும்பச் சூடாகி ஆறிய ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இதில் உதவாது. குறைந்தபட்சப் பாதுகாப்புக்கு மேல் ஈர ரோட்டில் எப்படி நிற்கும், எவ்வளவு ஓடும் என்று அது ஒரு வார்த்தை சொல்லாது. ஊதுபத்தி பாக்கெட்டில்கூட விவரம் அதிகம். வாங்குகிறவன் கடைக்காரரின் வாயைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

முன், பின் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு. பின் டயர்தான் சீக்கிரம் தேயும். முன் டயர் அதே மாடலாக, பாதிக்கு மேல் பட்டனோடு, வெடிப்பில்லாமல், நான்கு வருடத்துக்கு உட்பட்டதாக இருந்தால் பின்னே மட்டும் மாற்றலாம். மாடல் வேறு என்றால் கூடாது. மாடல் ஒன்றே, ஆனால் முன்னே பஞ்சர் ஒட்டியிருக்கிறது என்றால் ஆபீஸுக்குச் சரி, ட்ராக்குக்குக் கூடாது. ரேடியலும் சாதா டயரும் கலந்து போடுவது எந்த விலக்கிலும் வராது.

ட்ராக் டேவுக்கு முதல் நாள் டயர் மாற்றாதீர்கள். புது டயரின் மேல்தோல் வழுக்கும், 150 கி.மீ. நிதானமாக ஓட்டி முடித்திருக்க வேண்டும். சொந்தமாக ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்கள், பங்க் மீட்டரை நம்பாதீர்கள். மேனுவலில் உள்ள காற்றோடு ட்ராக்கில் இறங்கி, முதல் செஷன் முடிந்து சூடாக இருக்கும்போதே அளந்து, ஏறியிருந்தால் கொஞ்சம் இறக்குங்கள். வீடு திரும்புமுன் டயர் ஆறியதும் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.