அப்பாவின் வடிசாலையை இடம் மாற்றுகிறோம், சேமநிதியை எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. பினாங்கு ஜெலுத்தோங்கில் அப்பா தொடங்கிய சிறிய மது வடிசாலையை நானும் அண்ணனும் நடத்துகிறோம். சுங்கத்துறை உரிமம் முறையாக இருக்கிறது. பாலிக் பூலாவ் ஜாதிக்காய் சேர்த்து வடிக்கும் ஜின்தான் எங்கள் சரக்கு. மாதம் 600 போத்தல் போகும். 2020இல் ஹோட்டல்கள் மூடியபோது விழுந்த அடியிலிருந்து இன்னும் முழுதாக எழவில்லை. இப்போது கிடங்கின் சொந்தக்காரர் எட்டு மாதத்தில் காலி செய்யச் சொல்கிறார். சுங்கை பாக்காப்பில் ஓர் இடம் பார்த்திருக்கிறோம். தளம், வடிகால் 140,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), புதுக் கொதிகலன் 110,000, சாமான்களை ஏற்றி இறக்கிப் பொருத்த 70,000, முன்பணமும் வாடகையும் 60,000, ஆக 380,000 வெள்ளி. எனக்கு 52 வயது, அண்ணனுக்கு 56. இருவர் ஊழியர் சேமநிதியிலும் சேர்த்து 190,000 எடுக்கலாம். அல்லது அப்பாவின் வீட்டு கிரானை (நிலப் பட்டாவை) வங்கியில் வைக்கலாம். அண்ணனின் நண்பர் ஒருவர் 200,000 தருகிறார், 40 விழுக்காடு பங்கு கேட்கிறார். எதைச் செய்வது?

பதில்: வணக்கம் சகோதரி. முதலில் உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு செலவைச் சொல்லிவிடுகிறேன். அதுதான் எனக்குக் கவலை தருகிறது.

உங்கள் போத்தல் ஒன்றைக் கையில் எடுங்கள். 700 மில்லி, 40 விழுக்காடு என்றால் உள்ளே இருக்கும் சுத்த ஆல்கஹால் 0.28 லிட்டர். 2016 மார்ச்சிலிருந்து நம் நாட்டில் கலால் வரி ஆல்கஹால் அளவை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. ஜின், விஸ்கி வகைக்கு லிட்டருக்கு 150 வெள்ளியாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் 10 விழுக்காடு கூடி 165 ஆகிவிட்டது. அப்படியானால் உங்கள் ஒரு போத்தலுக்கு 46 வெள்ளி 20 சென். 600 போத்தலுக்கு மாதம் 27,720 வெள்ளி. விற்பனை வரி வேறு.

சரக்கு உரிமம் பெற்ற வளாகத்தை விட்டுக் கிளம்பும்போதே இந்த வரிக் கணக்கு தொடங்கிவிடுகிறது. ஆனால் ஹோட்டல்காரர்கள் உங்களுக்கு எப்போது தருகிறார்கள்? இந்தத் தொழிலில் மூன்று மாதக் கடன் சாதாரணம். மூன்று மாத வரி மட்டும் 83,160 வெள்ளி எந்நேரமும் வெளியே நிற்கிறது. அது உங்கள் லாபமும் இல்லை, உங்கள் பணமும் இல்லை.

இடம் மாற்றும்போது ஒரு மாயம் நடக்கும். வடிப்பை நிறுத்துவீர்கள், புது வரி இருக்காது. ஆனால் பழைய பாக்கிகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். கணக்கில் எண்பது, தொண்ணூறாயிரம் நிற்பதைப் பார்த்ததும் அண்ணன் "சரி, தளத்து வேலைக்குக் கொடுத்துவிடலாம்" என்பார். கொடுத்துவிட்டால், மறுபடி தொடங்கும் மாதத்தில் முதல் லோரியை வெளியே அனுப்பவே வரிப்பணம் இருக்காது. நல்ல வியாபாரங்கள் படுத்ததை நான் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே வருகிற பாக்கிக்குத் தனிக் கணக்கு திறந்து, இருவர் கையெழுத்து போட்டால்தான் எடுக்க முடியும் என்று வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, நின்றுபோகும் மாதங்கள். நான்கு பேர் வேலையில் இருந்தால், குறைந்தபட்சச் சம்பளம் 1,700 என்றே வைத்தாலும், முதலாளி கட்டும் 13 விழுக்காடு சேமநிதியோடு மாதம் 7,684 வெள்ளி. ஆறு மாதத்துக்கு 46,104. என் மாமா லிட்டில் இந்தியா பக்கம் மசாலா மில் வைத்திருந்தார். 2000 ஜனவரியில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் கட்ட முடியாத வாடகை கேட்டார்கள், பட்டர்வொர்த்துக்குப் போனார். இயந்திரத்தை ஏற்றிப்போக ஒரே நாள்தான் ஆனது. மூன்று ஃபேஸ் மின்சாரம் கிடைக்க நான்கு மாதம். அதுவரை இயந்திரம் தார்ப்பாய்க்குள் கிடந்தது, காயவைத்த மிளகாயைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்கள் வேறு மில்லுக்குப் பழகிவிட்டார்கள். உங்களுக்கு மின்சாரம் மட்டுமில்லை, சுங்கத்துறை, செபராங் பிறை மாநகராட்சி, கொதிகலனுக்கு ஜேகேகேபி (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) என்று வரிசையாக இருக்கிறது.

அதனால் புது இடத்துக்கு வாடகை ஒப்பந்தம் போடும் முன்பே சுங்கத்துறைக்குப் போங்கள். அந்த இடத்தில் வடிக்க அனுமதி தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். உரிமம் கிடைத்த பிறகுதான் வாடகை தொடங்கும், கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும். அனுமதி இல்லாமல் ஒரு பீப்பாயைக்கூட நகர்த்தாதீர்கள்.

இனி பணம். சேமநிதியைத் தொடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. உங்கள் வயதில் எடுக்க வழி இருக்கிறது, உண்மைதான். 50 தாண்டியவர் சேமநிதியின் ஒரு பகுதியான சுபிட்சக் கணக்கை (அக்காவுன் செஜாத்ரா) எடுக்கலாம், 55 தாண்டிய அண்ணன் முழுதாகவே எடுக்கலாம். ஆனால் 1991ஆம் ஆண்டுச் சேமநிதிச் சட்டப்படி, அந்தப் பணம் உள்ளே இருக்கும்வரை கடன்காரர் யாரும் கைவைக்க முடியாது. திவாலானாலும் அது உங்களுடையது. கம்பெனிக்குள் கொண்டுவந்த நிமிடமே அந்தப் பாதுகாப்பு போய்விடும். 2024க்கு 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்த பணம் அது. 52 வயதில் எடுத்ததை மறுபடி சேர்க்க உங்களுக்கு எத்தனை வருடம் மிச்சம் இருக்கிறது?

அப்பாவின் வீடும் வேண்டாம். வயதானவர் படுத்து எழும் வீடு. வங்கி கம்பெனிக் கடனுக்கு அவரையே ஜாமீன் கையெழுத்தும் போடச் சொல்லலாம். படிப்புக் கடன், குடியிருக்கும் வீட்டுக் கடன் இவற்றுக்கு ஜாமீன் நிற்பவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு வியாபாரக் கடனுக்கு ஜாமீன் போட்டவருக்கு இல்லை. இஸ்லாமிய வங்கிமுறையில் மதுத் தொழிலுக்கு நிதி கிடைக்காது என்பதால் உங்களுக்கு வங்கிகளின் தேர்வும் குறைவு. அவசரத்தில் கிடைத்த நிபந்தனைக்குத் தலையாட்ட வேண்டிவரும்.

மிஞ்சுவது நண்பர். எனக்கு அவர் பணம்தான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் தொழில் சரிந்தால் அதைத் திருப்பித் தரவேண்டியதில்லை. ஆனால் 200,000க்கு 40 விழுக்காடு என்றால், அவர் பணமும் சேர்ந்து உங்கள் கம்பெனியின் மதிப்பு 500,000. உங்கள் பங்கு 300,000. அப்பாவின் இத்தனை வருட உழைப்பு அவ்வளவுதானா என்பதைக் கடைசி மூன்று வருடக் கணக்கை வைத்துப் பேசுங்கள். 30 விழுக்காட்டுக்கு இறங்கி வருவாரா என்று கேட்பதில் தவறில்லை. ஐந்து வருடத்தில் நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையும், அதற்கு விலை எப்படிக் கணக்கிடுவது என்பதும் இப்போதே எழுத்தில் வரட்டும்.

200,000க்குள் எப்படி முடிப்பது? கொதிகலனைத் தள்ளிப்போடுங்கள். 600 போத்தலுக்குப் பழையது போதும், பரிசோதனைச் சான்று வாங்கிக்கொண்டு நகர்த்துங்கள். பெரிய வாலையை (வடிக்கும் கலனை) விட்டுவிட்டுச் சிறியதை மட்டும் கொண்டுபோனால் தளமும் பாதி போதும். கொதிகலன் இல்லாமல் 270,000, தளச் செலவும் பாதியானால் 200,000, ஏற்றி இறக்கும் செலவு குறைந்தால் அதற்கும் கீழே வரும். ஆனால் ஆறு மாதச் சம்பளத்தை இதோடு சேர்த்தே எண்ணுங்கள். வரிக்கு ஒதுக்கிய கணக்கு இதில் சேராது.

சிறிதாக வடித்தால் எப்படிப் பிழைப்பது என்பீர்கள். கலால் வரி ஆல்கஹாலைத்தான் பார்க்கிறது, விலையைப் பார்ப்பதில்லை. 130 வெள்ளிப் போத்தலுக்கும் 220 வெள்ளிப் போத்தலுக்கும் அதே 46 வெள்ளி 20 சென்தான். கோலாலம்பூரில் 2021இலிருந்து மளிகைக் கடைகளில் சாராயம் விற்க முடியாது. மலிவுச் சந்தை உங்களைப் போன்றவர்களுக்கு ஏற்கெனவே மூடிய கதவு. மலிவுக் கலவை மது போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். தோட்டங்களில் சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனை குடும்பங்களைக் கெடுத்தது என்று நம் வீடுகளுக்குத் தெரியும். 2018 செப்டம்பரில் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மலிவு மது பலரைக் கொன்றதும் மறக்கவில்லை.

அப்புறம், ஒரு வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். வாலையிலிருந்து முதலில் வரும் வடியை எங்கே நிறுத்தி, நல்லதை எங்கே பிடிப்பது, கடைசியை எங்கே வெட்டுவது என்பதை அப்பா மூக்கால்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். அவர் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். வெப்பம், நேரம், ஜாதிக்காய் எத்தனை கிலோ, எல்லாம் பதிவாகட்டும். நண்பர் வாங்கப்போவது இரும்பையும் செம்பையும் மட்டுமில்லையே. அந்த நோட்டு இருந்தால்தான் 30 விழுக்காடு பேச உங்களுக்கு வாய் வரும்.

சுங்கத்துறையின் பதிலும் மூன்று வருடக் கணக்கும் கைக்கு வந்ததும் மறுபடி எழுதுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் பார்த்துவிடலாம்.