திரையின் அடியில் ஓர் ஆங்கிலம்

அன்புள்ள ஐயா,

வரும் டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு முதன்முறையாகப் போகிறேன். தமிழ்வழியில் படித்தவன். அங்கே ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்குமே என்ற பயத்தில், முப்பது நாளில் ஆங்கிலம் கற்றுத்தரும் புத்தகம் ஒன்றை வாங்கி மனப்பாடம் செய்துவருகிறேன். மூன்று மாதத்தில் தேறிவிடுவேனா? இயக்குநர்களிடம் கேள்வி கேட்பது எப்படி? என்ன உடுத்திக்கொண்டு போவது?

ஒரு வாசகர், நாகர்கோவில்

அன்புள்ள தம்பி,

உடையைப் பற்றி யோசிக்காதீர்கள். வரிசையில் நெடுநேரம் நிற்கத் தோதான செருப்பு இருந்தால் போதும். கேள்வி கேட்பதும் பெரிய காரியமல்ல. 2020இல் ‘பாரசைட்’ படத்துக்காக ஆஸ்கர் மேடை ஏறிய கொரிய இயக்குநர் போங் ஜூன் ஹோ பெரும்பாலும் கொரிய மொழியில்தான் பேசினார். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் நின்று அதை ஆங்கிலத்தில் சொன்னார். உங்களிடம் நல்ல கேள்வி இருந்தால், அதை எடுத்துச் சொல்ல அந்த அரங்கிலும் ஒருவர் கிடைப்பார்.

எனக்குக் கோபமெல்லாம் அந்தப் புத்தகத்தின் மேல்தான். வங்கி மேலாளரிடம் கடன் கேட்கும் உரையாடலை உருப்போட்டுவிட்டு எந்தப் படத்தைப் பார்க்கப்போகிறீர்கள்? நாகர்கோவில்காரருக்கு மலையாளம் காதில் விழுந்தாலே புரியுமே. விழா நடக்கும் டாகூர் தியேட்டர் வாசலில் சாயா வாங்கிக் குடிக்கவும், முன்னால் நிற்பவரிடம் இது எந்தப் படத்துக்கான வரிசை என்று விசாரிக்கவும் உங்கள் தமிழே தாராளம். நாக்குக்கு ஆங்கிலம் தேடி நாட்களை வீணாக்குகிறீர்கள். அந்த விழாவில் உங்களுக்கான ஆங்கிலம் திரையின் அடியில் இருக்கிறது. ஈரானியப் படமோ துருக்கியப் படமோ, ஆங்கில சப்டைட்டில் வழியாகத்தான் நம்மை வந்து சேரும். அதை வாசிக்கும் பழக்கத்தைப் பற்றி நானே எழுத நினைத்திருந்த வேளையில்தான் உங்கள் கடிதம் வந்தது.

சப்டைட்டில் பொதுவாக இரண்டு வரிகளுக்கு மேல் போகாது. வரிக்குச் சுமார் 40 எழுத்துகள். ஆறேழு நொடிக்கு மேல் நிற்பதில்லை, சிறிய வசனமென்றால் ஓரிரு நொடியில் மறைந்துவிடும். என் முதல் விழாவில் ஓர் ஈரானியப் படத்தை, ஒவ்வொரு சொல்லையும் மனதுக்குள் உச்சரித்து, தமிழாக்கி, அதற்குள் ஓடிவிட்ட அடுத்த வரியைத் துரத்தியபடியே பார்த்து முடித்தேன். வெளியே வந்ததும், மகனை வழியனுப்பும்போது அந்தத் தாய் முக்காட்டுக்குள் எதை மறைத்தாள் கவனித்தீர்களா என்று நண்பர் கேட்டார். எனக்கு அவள் முகமே நினைவில் இல்லை.

ஊர் திரும்பியதும், வசனமெல்லாம் மனப்பாடமாகியிருந்த ஒரு பழைய தமிழ்ப் படத்தை ஆங்கில சப்டைட்டிலுடன் பார்க்கத் தொடங்கினேன். நீங்களும் அதையே செய்யுங்கள், தினமும் அரை மணிநேரம். வசனம் காதிலும் அதன் ஆங்கிலம் கண்ணெதிரிலும் இருப்பதால் அகராதிக்கு வேலையில்லை. ‘சாப்பிட்டியா மக்கா’ என்பதற்கு ‘ஹேவ் யூ ஈட்டன்’ என்று வந்தால், அன்றாட ஆங்கிலம் எவ்வளவு சிறியதென்று தெரிவதோடு, ‘மக்கா’ அதில் ஏறவில்லை என்பதும் தெரியும். அடுத்து மலையாளப் படங்களுக்குப் போங்கள். கடைசியாக ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். சொற்களை உச்சரிக்காமல், வரியை ஒரே பார்வையில் அள்ளிக்கொண்டு கண் மேலே ஏறிவிட வேண்டும். எனக்கு அது கைகூட இரண்டு மாதம் ஆயிற்று.

அந்தப் பழைய தமிழ்ப் படத்தை ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஊரைவிட்டுக் கிளம்பும் மகன் ‘போயிட்டு வாரேன்’ என்றான். கீழே ‘ஐயாம் லீவிங்’ என்று வந்தது. போவது மட்டும் இருந்தது, வருவது இல்லை. நிமிர்ந்து பார்த்தேன், வாசற்படியில் நின்ற அம்மா, அவன் தெருமுனை திரும்பிய பிறகும் கதவைச் சாத்தாமல் நின்றுகொண்டிருந்தாள்.