கூட்டுநிதியில் உருவாகும் கேமுக்கு எவ்வளவு விலை வைக்கலாம்? கேள்வி பதில்

கேள்வி: ஸ்டீமில் (கணினி கேம் விற்கும் இணையக் கடை) 20 டாலருக்கு விற்கப்போகும் கேமை கிக்ஸ்டார்ட்டரில் (பலரிடம் முன்கூட்டியே நிதி திரட்டும் தளம்) 15 டாலருக்குக் கொடுத்தால் கையைக் கடிக்காதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 டாலரில் கிக்ஸ்டார்ட்டரின் 5 சதவீதம் 75 சென்ட். பணம் கைமாறுவதற்கான கட்டணம் 3 சதவீதமும் கூடவே 20 சென்ட்டும், ஆக 65 சென்ட். மிச்சம் 13.60. ஸ்டீமில் 20 டாலருக்கு விற்றால் 30 சதவீதம் போக 14 டாலர். வரியைத் தள்ளி வைத்தால் வித்தியாசம் வெறும் 40 சென்ட்தான். கடைக்காரருக்குப் போகவேண்டிய பங்கைத்தான் ஆதரவாளருக்குக் கொடுக்கிறீர்கள். அதுவும் கேமை முடிப்பதற்கு முன்பே காசு வந்துவிடுகிறது. கையைக் கடிப்பது டி-ஷர்ட்டும் பெட்டியும் அவற்றை அனுப்பும் தபால் செலவும்தான்.

கேள்வி: முதல் 200 பேருக்கு மட்டும் 10 டாலர் என்று ஏர்லி பேர்ட் (முந்தி வருபவர்களுக்கான சலுகை) வைக்கலாமா?

நான் வைத்தேன், இனி வைக்க மாட்டேன். 200 இடமும் முதல் நாளே தீர்ந்தன. மறுநாள் வந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டதே ‘தீர்ந்துவிட்டது’ என்ற வரி. நிதி திரட்டும் பிரச்சாரம் முடியும்வரை யார் வேண்டுமானாலும் விலகலாம் என்பதால், இடையில் ஒரு இடம் காலியானால் 15 டாலர் போட்டவர் அங்கே தாவிவிடுவார். அவசரம் காட்டியே தீரவேண்டும் என்றால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, முதல் 48 மணி நேரம் என்று வையுங்கள்.

கேள்வி: ஆல்ஃபா (கேமின் ஆரம்பகட்டப் பதிப்பு) பார்க்க கிக்ஸ்டார்ட்டரில் அதிகப் பணம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஏர்லி ஆக்சஸை (முடியாத கேமையே ஸ்டீமில் விற்பது) அதைவிட மலிவாகத் திறக்கலாமா?

இதில் எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது. ‘பிளானட்டரி அனைஹிலேஷன்’ என்ற கேம் 2013-ல் ஸ்டீம் ஏர்லி ஆக்சஸுக்கு வந்தபோது விலை 90 டாலர். கிக்ஸ்டார்ட்டரில் ஆல்ஃபாவுக்காக அதே அளவு கொடுத்தவர்களுக்குத் துரோகம் செய்யக்கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். நியாயம்தான். ஆனால் ஸ்டீமில் புதிதாக வந்தவருக்கு அந்தக் கதை எதுவும் தெரியாதே! முடியாத கேமுக்கு 90 டாலரா என்று திட்டித் தீர்த்தார்கள். தவறு ஸ்டீமில் நடக்கவில்லை, பிரச்சாரப் பக்கத்திலேயே நடந்துவிட்டது. ‘சீக்கிரம் விளையாடலாம்’ என்பதை விலையுயர்ந்த படியாக (தொகைக்கு ஏற்ற வெகுமதியாக) விற்றால், அந்த விலை பின்னாலேயே வரும். மேல்படிகளில் கேமில் ஆதரவாளர் பெயர் போடுவது, ஒரு எதிரியை வடிவமைக்கும் வாய்ப்பு என்று, பிறகு கடையில் விற்கவே முடியாதவற்றை வையுங்கள்.

கேள்வி: வெளியான பிறகு முதல் தள்ளுபடி எப்போது, எவ்வளவு?

வெளியீட்டின்போது 10 சதவீதம், அதாவது 18 டாலர். ஆதரவாளர் கொடுத்த 15-க்குக் கீழே முதல் சில மாதங்கள் போகாதீர்கள். முன்பே நம்பிப் பணம் போட்டவர் அடுத்த மாதமே 9.99 என்று பார்த்தால், உங்கள் அடுத்த பிரச்சாரத்துக்கு வரமாட்டார். 20 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தால்தான் விஷ்லிஸ்ட்டில் (பிறகு வாங்க நினைப்பவற்றின் பட்டியல்) வைத்தவர்களுக்கு ஸ்டீம் மின்னஞ்சல் அனுப்பும். அதனால் 15 சதவீதம் என்பது இரண்டுங்கெட்டான். பொதுவாக ஒரு தள்ளுபடிக்கும் அடுத்ததற்கும் 30 நாள் இடைவெளி வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: விலையை ஏற்றலாமா?

தாராளமாக, காரணம் இருந்தால். ‘ஷவல் நைட்’ என்ற கேம் 2013-ல் கிக்ஸ்டார்ட்டரில் 75,000 டாலர் கேட்டு மூன்று லட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு தொகை சேர்ந்தால் தருவோம் என்று கூடுதல் இலக்காக வாக்குறுதி தந்த கதைகளை வருடக்கணக்கில் இலவசமாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 2017-ல் 15 டாலர் கேமை 25 ஆக்கினார்கள், அதுவும் முன்கூட்டியே சொல்லிவிட்டு. ஏற்கெனவே வாங்கியவர்களுக்குப் புதுக் கதைகள் வழக்கம்போல இலவசம். சரி, ஏற்றிய கையோடு தள்ளுபடி போட நினைக்காதீர்கள், ஸ்டீம் 30 நாள் தடுத்துவிடும்.

கேள்வி: ஆதரவாளர்கள் எல்லோரும் முதல் நாளே நல்ல விமர்சனம் எழுதினால் போதுமா?

போதாது. ஆதரவாளர்களைப் போல கீ (கேமைத் திறக்கும் குறியீடு) வழியாகக் கேமைப் பெற்றவர்களின் விமர்சனம் பக்கத்தில் தெரியும், ஆனால் 2016-லிருந்து ஸ்டீம் மதிப்பெண்ணில் சேராது. அங்கே காசு கொடுத்து வாங்கியவர்கள் எழுதவேண்டும். வெளியீட்டுத் தள்ளுபடி அவர்களுக்காகத்தான்.