மரீனாவில் வானிலை நிலையம்: கேளுங்கள், சொல்கிறேன்

22 வருடமாகப் படகுகளிலும் படகுத்துறைகளிலும் மின்னணுக் கருவிகள் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும்தான் என் வேலை. சிங்கப்பூரில் துவாஸ் பக்கம், சாங்கி பக்கம், தெற்கே தீவுகள் என்று எல்லா இடத்திலும் கம்பம் ஏறி இறங்கியிருக்கிறேன். மரீனாவுக்கு, அதாவது உல்லாசப் படகுகள் கட்டிவைக்கும் துறைக்கு, வானிலை நிலையம் வைப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. வந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நான் எந்தக் கருவியையும் விற்பவள் இல்லை.

மரீனா அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவர்: அக்கா, வானிலை நிலையம் ஒன்று வாங்கச் சொல்லி மேனேஜர் பணம் ஒதுக்கிவிட்டார். டேவிஸ் வாங்குவதா, கில் வாங்குவதா? எது நல்லது?

இரண்டு கம்பெனியும் நல்லதுதான், ஆனால் அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. அந்த எண்ணை யார் பார்க்கப் போகிறார்கள், பார்த்துவிட்டு என்ன செய்யப் போகிறார்கள் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். வெளியே சின்னப் பாய்மரப் படகில் பிள்ளைகள் பயிற்சியில் இருக்கும்போது அவர்களைத் திரும்பக் கூப்பிடுவதா, துறைக்குள் நுழையும் படகுக்கு ரேடியோவில் காற்று சொல்வதா, அல்லது காற்றடித்து ஒரு படகு இன்னொன்றில் மோதிய பிறகு காப்புறுதிக்காரர் கேட்கும்போது பதிவை எடுத்துக் காட்டுவதா? மூன்றும் வேண்டுமென்றால் நொடிக்கு நொடி பதிவு வைக்கும் கருவி வேண்டும். எழுதி முடித்ததும் கம்பம் நிற்கப்போகும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கருவியை அப்புறம் பார்க்கலாம்.

சரி, கருவிக்கு வருகிறேன். டேவிஸ் வான்டேஜ் புரோ 2-இல் கிண்ணங்கள் சுழன்று வேகத்தை அளக்கும், தனியாக ஒரு வால் திசையைக் காட்டும். 2.5 நொடிக்கு ஒருமுறை புதிய எண் வரும். விலை கட்டுப்படியாகும், உதிரிப் பாகமும் கிடைக்கும். கில் வின்ட்சோனிக் அல்ட்ராசோனிக் வகை. சுழலும் பாகமே கிடையாது, ஒலி போய்ச் சேரும் நேரத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும், நொடிக்கு 60 மீட்டர் வேகம் வரை அளக்கும். விலை கூடுதல்.

நம் ஊரில் கிண்ண வகைக்கு எதிரி உப்புதான். ஒரு மரீனாவில் எட்டு மாதமாகத் தொடாத காற்றுமானியைக் கழற்றினேன். வெளியே பார்க்கப் பளபளவென்று புதிதுபோல இருந்தது. கிண்ணத்தை விரலால் மெல்லச் சுற்றியபோது உள்ளே மணல் அரைபடுவது போல ஒரு நறநறப்பு, அரைச் சுற்றில் நின்றுவிட்டது. பேரிங்குக்குள் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. கையில் வைத்திருந்த மானி 12 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்) காட்டியபோது அது 8 காட்டியது. இதில் ஆபத்து என்னவென்றால் கருவி நின்றுபோகவில்லை, குறைவாகச் சொல்லிக்கொண்டே இருந்தது, யாரும் சந்தேகப்படவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏறிப் பார்க்க ஆள் இருந்தால் கிண்ணம் போதும். ஆள் இல்லையென்றால் அல்ட்ராசோனிக் வாங்குங்கள், ஆனால் பறவை உட்காராமல் இருக்க மேலே முள்கம்பி வையுங்கள். பறவை உட்கார்ந்தால் ஒலிப் பாதை மறைந்து அளவு கெட்டுவிடும். கனமழையிலும் சில நொடி எண் விட்டுப்போகும், அது பழுது இல்லை.

கிளப் உறுப்பினர் ஒருவர்: அலுவலகக் கூரையில் ஏர்கான் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, மின்சாரமும் அங்கேயே இருக்கிறது. அங்கே வைத்துவிடலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். ஏர்கான் பெட்டி ஊதும் வெப்பக்காற்று வெப்பமானியைக் கெடுக்கும். அதைவிடப் பெரிய தொந்தரவு கட்டடமே. காற்று சுவரில் முட்டி மேலேறும்போது கூரை விளிம்பில் வேகம் கூடும், நடுக்கூரையில் பின்னோக்கிச் சுழலும். ஒரே கூரையில் நான்கு அடி தள்ளி வைத்தால் வேறு எண் வரும்.

திறந்த வெளியில் 10 மீட்டர் உயரம், சுற்றியுள்ள தடையின் உயரத்தைப்போல் குறைந்தது 10 மடங்கு தூரம் என்பது உலக வானிலை அமைப்பின் அளவுகோல். மரீனாவில் இது முழுதாக நடக்காது. 40 அடிப் படகின் பாய்மரம் தண்ணீரிலிருந்து ஏறத்தாழ 18 மீட்டர், பத்து மடங்கு என்றால் 180 மீட்டர். அதனால் நான் எப்போதும் அலைத்தடுப்புச் சுவரின் வெளிமுனையைத்தான் கேட்பேன். முக்கியமாக மேற்கும் தென்மேற்கும் மறைவில்லாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் நம்மை அடிக்கும் சுமத்ரா சூறைக்காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும். மிதக்கும் பொன்டூன் மேடையில் கம்பம் நடாதீர்கள். படகு போகும் அலையில் பொன்டூன் ஆடும், கம்ப உச்சி பல மடங்கு ஆடும், அந்த ஆட்டமெல்லாம் காற்றாகப் பதிவாகும்.

கூரையைத் தவிர வேறு வழியே இல்லையென்றால், கட்டட உயரத்தில் பாதிக்காவது கம்பத்தைக் கூரைக்கு மேலே எழுப்புங்கள். அதுவும் சமரசம்தான், சரியான இடம் ஆகாது.

செங்காங்கிலிருந்து: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டு பால்கனியில் சின்னதாக ஒன்று மாட்டலாமா?

மழையும் வெப்பமும் ஓரளவு சரியாக வரும், காற்று வராது. வெளியே எதையும் மாட்டுமுன் நகர மன்றத்திடம் கேளுங்கள். என் துறை கடற்கரையோடு முடிகிறது.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்: சொந்தமாக நிரல் எழுதிப் பதிவு செய்கிறேன். எத்தனை நிமிடச் சராசரி எடுப்பது? வடக்குக் காற்று அடிக்கும்போது என் வரைபடம் தெற்கு என்று காட்டுகிறது.

தம்பி, நல்ல கேள்வி. 350 பாகையையும் 10 பாகையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 180 வரும். வடக்கு தெற்காகிவிட்டது. திசையை அப்படிச் சராசரி எடுக்கக் கூடாது. ஒவ்வொரு அளவையும் சைன், கொசைன் என்று பிரித்துத் தனித்தனியாகச் சராசரி எடுத்துவிட்டுத் திரும்பக் கோணமாக்கு.

காற்றுச் சராசரிக்கு வானிலைத் துறையின் வழக்கம் 10 நிமிடம், வீச்சுக்கு, அதாவது சட்டென்று எழும் உச்சக் காற்றுக்கு, 3 நொடி. மரீனாவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்ட வேண்டும். சூறைக்காற்று வந்த முதல் இரண்டு நிமிடத்தில் 10 நிமிடச் சராசரி இன்னும் பழைய அமைதியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். பந்தயம் விடுகிறவர்களுக்கு 2 நிமிடச் சராசரியும் கொடு. நிமிடத்துக்கு ஒரு அளவு மட்டும் எடுத்தால் வீச்சு மொத்தமாகத் தப்பிவிடும், நொடிக்கு ஒன்றாவது எடு. அலகு நாட். அலுவலகத் திரையில் கிலோமீட்டர் வேண்டுமென்றால் 1.852-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

இன்னொருவர்: எங்கள் கிளப்பிலும் கூரைதான் இருக்கிறது, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி...

மேலே எழுதிவிட்டேன். தொட்டியும் ஏர்கான் பெட்டி மாதிரி ஒரு தடைதான்.

ஓய்வுபெற்ற கப்பல்காரர்: தங்கச்சி, இவ்வளவு எழுதினாய், காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 30 வருடம் வங்காள விரிகுடாவில் ஓடியவன் நான். பாரோமீட்டர் இறங்கினால் புயல். அதை விட்டுவிட்டு என்ன வானிலை நிலையம்?

அண்ணே, வங்காள விரிகுடாவில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி, அங்கே அது உயிர்காக்கும் கருவி. சிங்கப்பூரில் கதை வேறு. இங்கே ஒரு பாரோமீட்டரை மாட்டி ஒரு வாரம் பாருங்கள். காலை பத்து மணிவாக்கில் ஏறும், மாலை நான்குக்கு இறங்கும், இரவு பத்துக்கு ஏறும், விடிகாலை நான்குக்கு இறங்கும். கடலில் ஓதம் ஏறி இறங்குவது போலவே காற்றுமண்டலத்திலும் ஒரு ஓதம் உண்டு, சூரியச் சூட்டால் எழுவது, பூமத்திய ரேகைப் பக்கம் அது நன்றாகத் தெரியும். தினமும் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் ஏறி இறங்குவது வெயில் நாளிலும் நடக்கும், மழை நாளிலும் நடக்கும். மாலை நான்கு மணி இறக்கத்தைப் பார்த்துப் புயல் என்று படகுகளைக் கூப்பிட்டால் தினமும் கூப்பிட வேண்டியதுதான்.

அதே கப்பல்காரர்: அப்படியானால் இங்கே புயலே வராதா? வாமெய் வரவில்லையா?

வந்தது, 2001 டிசம்பரில், பக்கத்து மலேசியாவின் ஜோகூரில் கரையேறியது. புயல் சுழல பூமியின் சுழற்சி தரும் விசை வேண்டும், நாம் இருப்பது வடக்கே 1.3 பாகையில், இங்கே அந்த விசை மிகக் குறைவு. அதனால்தான் வாமெயை வானிலைக்காரர்கள் இன்னும் அபூர்வம் என்று பேசுகிறார்கள். ஒரு மரீனா நாள்தோறும் தயாராக இருக்க வேண்டியது அதற்கு இல்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடிவதற்கு முன்போ காலையிலோ வரிசைகட்டி வரும் சுமத்ராவுக்கு.

பாய்மரப் பந்தய வீரர் ஒருவர் நடுவில்: கப்பல்கார அண்ணன் சொல்வதிலும் உண்மை இருக்கிறதே? சுமத்ரா வரும்போது அழுத்தம் எகிறுவதை என் கைக்கடிகாரத்திலேயே பார்த்திருக்கிறேன்.

எகிறும், மறுக்கவில்லை. குளிர்ந்த கனமான காற்று தரையில் வந்து விழுவதால் வருகிற எகிறல் அது. ஆனால் அது காற்றோடு சேர்ந்து வரும், முன்னால் வந்து சொல்லாது. ஒருநாள் காலை ஐந்தே முக்காலுக்கு மேற்குப் பக்கத்து மரீனா ஒன்றில் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். காற்றே இல்லை, கொடி துணியாகத் தொங்குகிறது. மேற்கே இருட்டுக்குள் இன்னும் கறுப்பாக ஒரு சுருட்டு மேகம் கரையிலிருந்து கரைவரை நீண்டு வருகிறது. முதலில் கழுத்தில் சில்லென்று பட்டது, உடனே பாய்மரங்களில் கட்டிய கயிறுகள் எல்லாம் ஒரே நேரத்தில் படபடவென்று அடிக்க ஆரம்பித்தன. திரையைப் பார்த்தால் 4 நாட் இருந்த காற்று 34 ஆகிவிட்டது. அழுத்தம் ஏறியதும் அதே நிமிடம்தான். அந்த நிமிடத்தில் பாரோமீட்டரைப் பார்த்து என்ன செய்வது? படகை இழுத்துக் கட்டத்தான் நேரம் இருந்தது.

முன்கூட்டித் தெரிய வேண்டுமென்றால் மேற்கே பார்க்க வேண்டும். சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் 240 கிலோமீட்டர் ராடார் படத்தில் மலாக்கா நீரிணையில் வில் மாதிரி வளைந்த மழைக்கோடு தெரியும். அதோடு அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் துவாஸ், செந்தோசா, செமக்காவ் போன்ற இடங்களின் காற்று வேகம் இலவசமாகக் கிடைக்கிறது, நாட் அலகிலேயே. கிழக்குக் கரையில் மரீனா வைத்திருப்பவர் துவாஸ் எண்ணைத் தன் எண்ணுக்குப் பக்கத்திலேயே திரையில் போட்டால், சொந்தக் கருவியால் கிடைக்காத நேரம் கையில் கிடைக்கும்.

கப்பல்காரர்: இருந்தாலும் பாரோமீட்டர் இல்லாத நிலையத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இருக்கட்டும் அண்ணே, பெரும்பாலான பெட்டிகளில் அது கூடவே வருகிறது. மறுநாள் பதிவைப் புரட்டும்போது அடித்தது சுமத்ராவா வேறு மழையா என்று பிரித்துப் பார்க்க அந்த எகிறல் எனக்கும் உதவியிருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். எச்சரிக்கைக்கு மட்டும் அதை நம்ப மாட்டேன்.

ஒருவர்: அமெரிக்காவிலிருந்து கம்பியில்லா மாடலை மலிவாக வரவழைக்கலாமா?

வரவழைக்காதீர்கள். அமெரிக்க மாடல்கள் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ரேடியோ அலைவரிசையில் தாவித் தாவிப் பேசும், இங்கே அந்தப் பகுதியில் 920 முதல் 925 வரைதான் இந்த மாதிரிக் கருவிகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். 866 முதல் 869 வரையும் உண்டு, ஐரோப்பிய 868 மாடல் அதில் அடங்கும். வாங்குமுன் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். டேவிஸ் 300 மீட்டர் என்று சொல்வது நேர்ப்பார்வையில். நடுவில் பாய்மரக் காடு இருந்தால் பாதிகூடக் கிடைக்காது.

இன்னொருவர்: அக்கா, கடைசியாக ஒரே வார்த்தையில், எந்த மாடல்?

கம்பம் எங்கே நிற்கும் என்று நீங்கள் இன்னும் எழுதவில்லை. அதை எழுதுங்கள், சொல்கிறேன்.

மரீனா பராமரிப்பாளர்: இடிக்கு என்ன செய்வது? போன வருடம் கருவி கருகிவிட்டது.

இதைத்தான் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். சராசரியாக வருடத்துக்கு 168 நாள் இடி இடிக்கும் ஊர் இது. தண்ணீர் நடுவே 10 மீட்டர் உலோகக் கம்பம் நட்டுவிட்டு எர்த் இல்லாமல் விட்டால், மின்னல் கருவியோடு போகாது, கேபிள் வழியாக அலுவலகக் கணினி வரைக்கும் வரும். இடிதாங்கி முனை காற்றுமானிக்கு மேலே, ஆனால் காற்றை மறைக்காதபடி ஒதுங்கி இருக்க வேண்டும். அதிலிருந்து தனிக் கம்பி நேராக எர்த்துக்குப் போக வேண்டும். கேபிளின் இரண்டு முனையிலும் மின்னெழுச்சித் தடுப்பான் வேண்டும். முடிந்தால் கம்பத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் செம்புக் கம்பியே வேண்டாம், கண்ணாடி இழையோ கம்பியில்லா இணைப்போ போடுங்கள், கம்பத்துக்குச் சூரியத் தகடு. எர்த் வேலையை எஸ்எஸ் 555 என்ற இடிமின்னல் பாதுகாப்பு விதிமுறைப்படி உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கொடுங்கள், தெரிந்த பையன் கட்டிக்கொடுப்பான் என்று விடாதீர்கள். இன்னொன்று: இடி கேட்கும்போது யாரையும் அந்தக் கம்பத்தில் ஏற்றாதீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகட்டும். அவசரம் என்று சொல்லி என்னையே ஏறச் சொன்னவர்கள் உண்டு, ஏறவில்லை.

ஒருவர்: மீன் பிடிக்க எந்த நாள் நல்லது?

அது என் துறை இல்லை, தூண்டில்காரர்களிடம் கேளுங்கள்.

கிளப் செயலாளர்: அலைத்தடுப்பு முனையில் ஏற்கனவே 5 மீட்டர் கம்பம் இருக்கிறது, நல்ல எர்த்தோடு. அதிலேயே வைக்கலாமா? திசையை எப்படிச் சரிசெய்வது?

கூரையைவிட ஆயிரம் மடங்கு மேல், வையுங்கள். 5 மீட்டரில் வருகிற எண் 10 மீட்டர் எண்ணைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவாக இருக்கும். 20 நாட் என்றால் மேலே 22 என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணைத் திருத்தாமல் அப்படியே பதிவு செய்துவிட்டு, உயரம் 5 மீட்டர் என்று திரையிலேயே எழுதிவையுங்கள். 1984 ஏப்ரல் 25-ஆம் தேதி தெங்காவில் மணிக்கு 144.4 கிலோமீட்டர் வீச்சு பதிவாகியிருக்கிறது, அதைத் தாங்குமா என்று கம்பத்தின் அடித்தளத்தைப் பொறியாளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். போல்ட் எல்லாம் 316 எவர்சில்வர், 304 போட்டால் கடற்கரையில் பழுப்பேறிவிடும். அலுமினியத்தோடு சேரும் இடத்தில் நைலான் வாஷர்.

திசைக்கு, சிங்கப்பூரில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் அரைப் பாகைக்குள்தான் வேறுபடுகின்றன, திருத்தம் வேண்டாம். ஆனால் சுவருக்குள் இருக்கும் இரும்புக்கம்பி திசைகாட்டியை இழுக்கும், அதனால் கம்பத்தடியில் நின்று பார்க்காதீர்கள். தூரத்தில் வரைபடத்தில் உள்ள ஒரு மிதவையையோ விளக்கையோ தேர்ந்தெடுத்து, அதன் கோணத்தை வரைபடத்தில் அளந்து, கருவியின் வடக்குக் குறியை அதை வைத்துத் திருப்புங்கள். காற்று எங்கிருந்து வருகிறதோ அதுதான் அதன் திசை. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், நம் ஆட்கள் எப்போதோ அப்படித்தான் பெயர் வைத்தார்கள். திரையில் அம்புக்குறி போடும்போது மட்டும் புதியவர்கள் குழம்புகிறார்கள், எழுத்திலும் சேர்த்துப் போடுங்கள்.

பொருத்தி முடித்ததும் கையில் ஒரு மானியோடு படகில் வெளியே போய், கம்பத்திலிருந்து ஒரு 200 மீட்டர் தள்ளி, அரைமணி நேரம் எண்ணைக் குறித்துவிட்டு வந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. வித்தியாசம் இருந்தால் எண்களோடு எனக்கு எழுதுங்கள்.