பாதிப் பூ குறையல்ல

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மகள் நீல வெள்ளைப் பழைய பீங்கான் தட்டுகளைச் சேர்க்கிறாள். இப்போது சந்தையில் வாங்கிய ‘வில்லோ’ தட்டு (சீனப் பாணியில் வில்லோ மரக் காட்சி வரைந்தது) ஒன்றை எனக்கு அனுப்பியிருக்கிறாள். 200 வருஷப் பழசு என்று கடைக்காரர் சொன்னாராம். ஆனால் விளிம்புப் பூவேலை ஓரிடத்தில் பொருந்தவே இல்லை. பின்பக்கம் ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று இருக்கிறது. ஏமாந்துவிட்டாளா? பழுப்புக் கறையை ப்ளீச்சில் ஊறவைத்துப் போக்கலாமா?

பதில்: வயதில் ஏமாந்திருக்கிறாள். தட்டில் ஏமாறவில்லை.

இறக்குமதிப் பொருளில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்டது. அதன் பிறகுதான் ‘இங்கிலாந்து’ என்று முத்திரையிடுவது வழக்கமானது. ‘மேட் இன்’ சேர்ந்தது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில். ஆகவே 200 வருஷம் என்பது பொய்க் கணக்கு. அந்த விலை கொடுத்திருந்தால் அதிகம்தான்.

ஆனால் பொருந்தாத பூவைக் குறை என்று நினைக்காதீர்கள். எனக்கு அந்தத் தட்டில் பிடித்ததே அதுதான். இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில் பீங்கான் தயாரிப்பாளர் ஜோசையா ஸ்போட் 1784 வாக்கில் செம்மைப்படுத்திய, தாளிலிருந்து தட்டுக்குப் படத்தை மாற்றும் அச்சு முறை இது. செதுக்கிய செப்புத் தகட்டைச் சூடாக்கி, எண்ணெயில் குழைத்த கோபால்ட் நீலத்தைத் தேய்ப்பார்கள். மெல்லிய தாளில் அதை அச்செடுத்து, பூச்சு போடாத தட்டின்மேல் ஒட்டி, முரட்டுப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்ப்பார்கள். அப்புறம் தண்ணீரில் தாளைக் கழுவினால் எண்ணெய்ச் சாயம் மட்டும் தட்டில் நிற்கும். எண்ணெய் போகச் சுட்டு, மேலே கண்ணாடிப் பூச்சு கொடுத்து மறுபடி சுடுவார்கள். தொடக்கத்தில் அந்தச் சூட்டையும் நன்றாகத் தாங்கிய நிறம் கோபால்ட் என்பதால்தான் இத்தகைய தட்டுகளில் நீலம் வழக்கமானது.

விளிம்புக்குத் தாளைப் பட்டையாக வெட்டிச் சுற்றுவார்கள். சுற்றி முடிக்கும் இடத்தில் தாள் கொஞ்சம் மிஞ்சும், அல்லது போதாது. அங்கே கத்தரித்துச் சேர்த்ததில் ஒரு பூ பாதியாக நிற்கும். பெரும்பாலும் ஒரு பெண் தொழிலாளியின் கை அங்கே தெரிகிறது. ஸ்டோக் பகுதியிலேயே உள்ள மிடில்போர்ட்டில் பர்லி என்ற பீங்கான் தொழிற்சாலை இன்றும் இப்படித்தான் செய்கிறது. அதனால் ஒட்டு இருப்பதை வைத்து வயது சொல்ல முடியாது, கைவேலை என்று மட்டும் சொல்லலாம். லென்ஸில் பாருங்கள்: செதுக்கிய கோடும் புள்ளியும் தனித்தனியாகத் தெரிந்தால், செப்புத் தகட்டிலிருந்து எடுத்த அச்சு என்பதற்கு அது நல்ல அடையாளம்.

ப்ளீச் வேண்டவே வேண்டாம். மேல்பூச்சில் மயிரிழை விரிசல்கள் இருக்கும். ப்ளீச் அவற்றின் வழியே உள்ளே இறங்கி, காய்ந்ததும் உப்பாகப் பூத்துப் பூச்சையே பெயர்த்துவிடும். கறை இருந்துவிட்டுப் போகட்டும். பழைய பூச்சுகளில் ஈயம் உண்டு, புளிப்பு பட்டால் அது உணவில் இறங்கும். எனவே புளிச்சாதமோ எலுமிச்சைச் சாதமோ அதில் பரிமாறாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றியெடுத்து, அந்தப் பாதிப் பூ கண்ணில் படும்படி அலமாரியில் நிறுத்துங்கள்.