ஷாப்புரியின் ரப்பர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிரேசிலின் ரப்பர் ஊரான ஷாப்புரி பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். என் தாத்தா மலாயாவில் பால்மரம் சீவியவர். வெள்ளைக்காரன் பிரேசிலிலிருந்து ரப்பர் விதையைக் கொண்டுவந்ததால்தானே அந்த ஊர் நொடித்தது? இப்போது அங்கே எதை வைத்துப் பிழைக்கிறார்கள்?

சரவணன், சுங்கை பட்டாணி

அன்புள்ள சரவணன்,

விதை போனது உண்மை. 1876ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசானிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். உங்கள் தாத்தா சீவிய மரங்கள் அந்த வழிவந்தவை. 1913 வாக்கில் ஆசியத் தோட்டங்கள் பிரேசிலை முந்தின, விலை சரிந்தது. ஆனால் அதில் நொடித்தவர்கள் முதலாளிகளும் வணிகர்களும். மரம் சீவியவன் அதற்கு வெகு முன்பே கடனில் மூழ்கியிருந்தான்.

ஷாப்புரி, ஆக்ரே மாநிலத்தில் பொலிவிய எல்லைப் பக்கம் உள்ள சிற்றூர். 1902ல் ஆக்ரேயை பொலிவியாவிடமிருந்து பிரிக்கும் கிளர்ச்சி தொடங்கியதே அங்கேதான், எல்லாம் ரப்பருக்காக. அங்கே மரங்கள் வரிசையாக நிற்பதில்லை. நெருக்கி நட்டால் இலைக்கருகல் நோய் தின்றுவிடும். விடியுமுன் கிளம்பி, காட்டுப்பாதையில் நூறு நூற்றைம்பது மரங்களைச் சீவி, திரும்ப நடந்து பாலைச் சேர்த்து, புகைக்குடிசையில் உட்கார்ந்து கழியின்மேல் ஊற்றி ஊற்றி உருண்டையாக்க வேண்டும். உருண்டை முதலாளியின் கடைக்குத்தான் போகும். அரிசி, உப்பு, தோட்டா எல்லாம் அதே கடையில், அவன் வைத்த விலைக்கு. பிரேசிலின் வடகிழக்கிலுள்ள சியாராவில் பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்களுக்குப் படகுக்கூலியிலேயே கடன் தொடங்கியது. கங்காணி கணக்கைப் பார்த்த குடும்பம் உங்களுடையது, நான் விளக்க வேண்டியதில்லை.

விலை விழுந்ததும் முதலாளிகள் பலர் பிடியைத் தளர்த்தினார்கள். மக்கள் மரவள்ளி போட்டார்கள், மழைக்காலத்தில் பிரேசில் கொட்டை பொறுக்கினார்கள். அவர்களுக்கு விழுந்த பெரிய அடி 1970களில்தான். மாட்டுப்பண்ணைக்காரர்கள் காட்டை வாங்கி எரித்தார்கள். மரம் அறுப்பவர்களை மறித்துக் குடும்பம் குடும்பமாக நின்றவர்களின் தலைவர் சிகோ மென்டிஸ். 1988 டிசம்பர் 22 அன்று, குளிக்கப் பின்கதவைத் திறந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். பண்ணைக்காரர் ஒருவரும் அவர் மகனும் தண்டனை பெற்றார்கள். 1990ல் அவர் பெயரில் 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல் காப்புக்காடு வந்தது. நிலம் அரசுடையது, சீவும் உரிமை அங்கே வாழ்பவர்களுடையது.

சரி, இப்போதைய பிழைப்பு? கொட்டை, கொஞ்சம் ரப்பர், அப்புறம் மாடு. கொட்டை மரத்தை வெட்டச் சட்டம் விடாது. அதனால் எரித்த மேய்ச்சல் நிலத்தில் அது தனியாக நிற்கும். மகரந்தம் சேர்க்கும் பெரிய தேனீக்களுக்குக் காடு வேண்டும், ஆகவே அந்த மரம் சரியாகக் காய்ப்பதில்லை. காப்புக்காட்டுக்குள்ளேயே இன்று மாடு வளர்க்கிறார்கள், சிகோவோடு நின்றவர்களின் பிள்ளைகள் உட்பட. மாடு எந்த நாளிலும் காசாகும், கொட்டைக்கு ஒரே பருவம். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரப்பர் பாலுக்கும் கொட்டைக்கும் கட்டுப்படியாகும் விலையைக் கொடுக்காமல், காட்டைக் காப்பாற்று என்று அவர்களிடம் மட்டும் கேட்பது அநியாயம்.