கரோலின் ஹெர்ஷல் பேச்சு: எங்கே தொடங்கலாம்?

வணக்கம்ங்க. வானியலாளர் கரோலின் ஹெர்ஷல் பற்றிப் பள்ளியில் மூன்று நிமிடம் பேச வேண்டிய உங்கள் மகளுக்கு, "அண்ணனுக்கு உதவியவர்" என்பதைத் தாண்டி எதுவும் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

பிறந்த ஊர், பெற்றோர் என்று ஆரம்பிக்க வேண்டாம். நேராக 1786 ஆகஸ்ட் 1 இரவுக்குப் போய்விடச் சொல்லுங்கள். வானியலாளரான அண்ணன் வில்லியம் ஜெர்மனி போயிருந்தார். இங்கிலாந்து வீட்டில் இருந்த கரோலின், தன் சின்னத் தொலைநோக்கியில் ஒரு வால்நட்சத்திரத்தைப் பிடித்தார். மறுநாளே லண்டன் அறிவியலாளர் சங்கமான ராயல் சொசைட்டியின் செயலருக்குக் கடிதம் எழுதிவிட்டார். 1787-ல் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் போட்டார். அண்ணனுக்கு 200. அதையும் சொல்லட்டும், வகுப்பு கொஞ்சம் யோசிக்கும்!

அந்த "உதவி"யையும் லேசாக விட்டுவிடாதீர்கள். தொலைநோக்கிக்கான உலோக ஆடியை (கண்ணாடி போல ஒளியைத் திருப்புவது) வார்க்கும் அச்சுக்காகக் குதிரைச் சாணத்தை உரலில் இடித்துச் சலித்தவர் அவர். மணிக்கணக்கில் ஆடியை மெருகேற்றிக்கொண்டிருந்த அண்ணனுக்குச் சோறு ஊட்டியதும் அவர்தான். 1783 டிசம்பர் 31 இரவு தொலைநோக்கியைச் சரிசெய்யப் பனியில் ஓடியபோது, அதன் தாங்கியில் இருந்த கொக்கி ஒன்று காலில் ஏறிச் சதையே பிய்ந்துபோனது. பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

நேரம் மிஞ்சினால் மட்டும் 1828-ல் கிடைத்த லண்டன் வானியல் சங்கத் தங்கப் பதக்கத்தைச் சொல்லட்டும். அதை அடுத்து ஒரு பெண் தனியாக வாங்கியது 1996-ல், அமெரிக்க வானியலாளர் வேரா ரூபின்.